மோவாயில் ஒரு பச்சைப் புள்ளி

ஜூலை 3, வியாழன்

டாக்டர் சொன்னபடி இன்றிலிருந்து எழுதுகிறேன். சர்க்கரை ஏறியிருக்கிறதாம். "வாய்க்குள்ள போறது எல்லாத்தையும் எழுதுங்க, ஒளிக்காம எழுதுங்க" என்றார். டைரி, உரக்கடையில் பொங்கலுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சிமருந்து விளம்பரம். அதற்கு மேலே என் சாப்பாட்டை எழுத வேண்டியிருக்கிறது.

காலை: இட்லி நான்கு. மதியம்: சோறு ஒரு கிண்ணம், கீரை. மாலை: சர்க்கரை போடாத டீ. இரவு: கோதுமைத் தோசை இரண்டு.

உலகு எட்டிப் பார்த்தாள். "இது யாரு சாப்பிட்டது? எதுத்த வீட்டு அண்ணாச்சியா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். உலகு என்றால் உலகம்மாள், என் வீட்டுக்காரி.

டைரி என்றால் முதல் பக்கத்தில் சொந்த விவரம் எழுத வேண்டுமாம். பெயர் கோமதிநாயகம். படிப்பு பத்தாம் வகுப்பு, கணக்குப் பாடத்தை மட்டும் இரண்டு தடவை படித்தவன். தொழில், சங்கரன்கோவிலில் நாயகம் டிஜிட்டல்ஸ். கல்யாணம், சடங்கு, காதுகுத்து எல்லாம் வீடியோ எடுப்போம். இப்போது சாவு வீட்டிலும் கூப்பிடுகிறார்கள். பிள்ளைகள் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் செல்போனில் பார்ப்பதற்கு நேரலை.

மகள் செண்பகா பெங்களூரிலிருந்து வந்திருக்கிறாள். மூன்று வாரம் இங்கே இருந்தபடியே ஆபீஸ் வேலை பார்ப்பாள். வீடியோவைச் சுருக்குகிற கம்பெனி. ஊரில் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். வேட்டியாவது துவைத்தால் சுருங்கும், வீடியோ எப்படிச் சுருங்கும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் அவளைக் கேட்டதில்லை.

ஜூலை 4, வெள்ளி

இடியாப்பக்கார வெள்ளைத்தாய் அக்கா இன்று காலை இறந்துவிட்டார்கள். நாளைக்கு எடுக்கிறார்கள். மகன் சண்முகையா குவைத்தில் வண்டி ஓட்டுகிறான். அதற்குள் வந்து சேர வழியில்லை. நேரலைக்கு நம்மைச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்று இடியாப்பம் இல்லாததால் இட்லி. நான்கு.

ஜூலை 5, சனி

சாவு வீட்டு வேலை முடிந்தது. வேலை திருப்தி.

எனக்கு இந்த வருஷம் ஒரு புதுச் சரக்கு கிடைத்திருக்கிறது. படத்துக்கு மேலே ரோஜா இதழ்கள் உதிர்ந்துகொண்டே இருக்கும். எல்லாம் கம்ப்யூட்டர் பூ. மூலையில் ஒரு குத்துவிளக்கு, சுடர் ஆடும். கீழே 'கண்ணீர் அஞ்சலி', அதற்கும் கீழே நாயகம் டிஜிட்டல்ஸ், செல் நம்பர், தங்க நிறத்தில் மின்னிக்கொண்டு ஓடும். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் வெறும் படத்தை அனுப்புகிறார்கள். நம்முடையதைப் பார்த்தால் டிவி மாதிரி இருக்கும்.

பந்தல் நீலத் தார்பாய். உள்ளே கொஞ்சம் இருட்டு. எடுக்கிற நேரத்தில் பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தார்: "மொகம் பாக்குறவங்க பாத்துக்கோங்க, மூடப் போறோம்!" அந்த நேரத்துக்காகத்தானே வெளிநாட்டுக்காரர்கள் காத்திருப்பது. காமிராவை நேரே திருப்பி நிறுத்திவிட்டேன்.

சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பி வந்தபின் ஒரு சின்னப் பேச்சு. வெள்ளைத்தாய் அக்கா மகள் முப்பிடாதி செல்லை நீட்டினாள். சண்முகையா பேசினான். ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது.

"அண்ணாச்சி, அம்மா மொகம் தெரியலியே. கட்டங்கட்டமா இருந்துச்சு. மூடப் போறோம்னு சத்தம் மட்டும் கேட்டுச்சு."

"தம்பி, இங்க கண்ணாடி மாதிரி போச்சு. உங்க பக்கம் நெட்டு சரியில்ல. கேபிள்ல ஒட்டகம் ஏறி நின்னுருக்கும்" என்றேன்.

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். சாவு வீட்டில் சிரிப்பு வந்தால் கொஞ்சம் பாரம் குறையும். அந்தப் பக்கம் அவன் சிரித்தானா என்று தெரியவில்லை. "சரி அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னான்.

மதியம்: வெளியில் சாப்பாடு. இரவு: தோசை இரண்டு. நடுவில் ஒரு ஜிலேபி. ஒன்றுதான்.

ஜூலை 6, ஞாயிறு

காதுகுத்து வேலை. குழந்தை அழுத அழுகையில் ஆசாரி கை நடுங்கியது.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் நேற்றைய வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். நாம் அனுப்புவது அப்படியே அதில் ஒரு பிரதி விழும். குவைத்துக்கும் ஒட்டகத்துக்கும் சம்பந்தமில்லாத பிரதி.

பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

செண்பகா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். "ஏட்டி, வீடியோல சில நேரம் கட்டங்கட்டமா வருதே, அது எதனால?"

அவள் கையிலிருந்த துண்டைக் கொடியில் அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினாள். "அப்பா, அதுதான்பா என் வேலையே!"

"கட்டம் போடுறதா?"

"ஆமா. படம் மொதல்ல பெரிய பெரிய சதுரமா பிரியும். ஒரு சதுரத்துக்குள்ள எல்லாம் ஒண்ணுபோல இருந்தா, இப்போ வானம், வெறுஞ்சுவருன்னு வையுங்க, அத அப்படியே விட்டுரும். ஒரே பூச்சு. உள்ள நுணுக்கம் இருந்தா நாலா வெட்டும். அதுல ஒண்ணுல இன்னும் நுணுக்கம் இருந்தா அத திரும்ப நாலா வெட்டும். எங்க வெட்டணும், எங்க வெட்டாம விடணும், அத மிஷின் எப்படி முடிவு பண்ணணும்? அதத்தான் நாங்க எழுதுறோம்."

"பிளாட் போடுற மாதிரி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒவ்வொரு சென்டா வெட்டுவான். தரிசுக் காட்ட ஏக்கரா விட்டுருவான்."

"அதே கதைதான்! ஒவ்வொரு வெட்டுக்கும் டேட்டா செலவு. கொஞ்சமா டேட்டா குடுத்தா, ஆடுறது, மின்னுறது, எழுத்து, இதுக்கே எல்லாம் தீந்துரும். இருட்டுல அசையாம கெடக்கறதுக்கு மிச்சமிருக்காது. பெரிய கட்டமாவே நின்னுரும்."

இத்தனை உற்சாகமாக அவள் பேசி நான் பார்த்ததில்லை. "நாலு வருசமா இத ஏன் சொல்லல?" என்றேன்.

"நீங்க கேக்கலயேப்பா" என்று சிரித்தாள்.

நான் கேட்க வந்தது வேறு. "நெட்டு மோசமா இருந்தாலும் கட்டம் வருமா?"

"வரும். ஆனா அப்ப பூரா படமும் நின்னு நின்னு வரும். எழுத்தும் கலங்கும்."

'வரும்' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

சாயந்திரம் முப்பிடாதி போன். அண்ணன் நல்ல பிரதி கேட்கிறானாம். காமிராக் கார்டில் ஏதோ கோளாறு, பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இரவு: இரண்டு தோசை. (மூன்று.)

ஜூலை 7, திங்கள்

சப்பாத்தி. கடையில் வேலை இல்லை. லென்ஸைத் துடைத்தேன். திரும்பவும் துடைத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

முப்பிடாதி கடைக்கே வந்துவிட்டாள். அம்மா போனபின் அவள்தான் இடியாப்பம் அவிக்கிறாள். கையெல்லாம் மாவு.

"அண்ணாச்சி, அண்ணன் ஒரே அழுகை. கேட்டா, 'கொறஞ்ச பிளான் போட்டு வச்சது என் புத்தி, அம்மா மொகத்தப் பாக்க விடாம என் கஞ்சத்தனம் தடுத்துட்டு'ன்னு சொல்லுதான். அன்னிக்கு சிக்னலு கிடைக்கணும்னு மொட்டை மாடிக்குப் போய் நின்னுருக்கான். அங்க வெயிலு எப்படின்னு உங்களுக்குத் தெரியும். செருப்பில்லாம ஓடிருக்கான். பாதம் கொப்பளிச்சுப் போச்சு. நெசமாவே நெட்டுதானா அண்ணாச்சி? நீங்க ஒரு வார்த்த தெளிவாச் சொன்னா அவன் அடங்குவான்."

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. வந்தது இது: "நெட்டுதான்மா. எங்க செண்பகாவே சொல்லிட்டா. அவ இதே படிப்புதான படிச்சிருக்கா."

"அந்தப் பிள்ளையே சொல்லிட்டாளா? அப்ப சரிதான்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவன் தலையெழுத்து. சொல்லிருதேன்."

அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். வடையும் வாங்கிக் கொடுத்தேன். அவள் வடையைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

நான் இன்று எதுவும் சாப்பிடவில்லை. டாக்டர் பார்த்தால் சந்தோஷப்படுவார். பொய். மூன்று வடை.

ஜூலை 10, வியாழன்

கோவில் வாசலில் முப்பிடாதி செண்பகாவைப் பார்த்திருக்கிறாள். கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை நீயாவது சொன்ன தாயி, இல்லன்னா நாங்க அண்ணாச்சிய சந்தேகப்பட்டுருப்போம்" என்றிருக்கிறாள்.

செண்பகா நேராகக் கடைக்கு வந்தாள். "அப்பா, வெள்ளைத்தாய் அத்தை வீடியோ எங்க இருக்கு?"

கம்ப்யூட்டரைக் காட்டினேன். அவளுடைய லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டாள். அவர்கள் ஆபீஸில் ஒரு சாஃப்ட்வேர் வைத்திருக்கிறார்கள். படத்தை எங்கெங்கே வெட்டியிருக்கிறது என்று படத்துக்கு மேலேயே கோடு போட்டுக் காட்டும். பெரியவர் குரல் கொடுத்த இடத்தில் நிறுத்தினாள்.

இதை எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

கீழே நாயகம் டிஜிட்டல்ஸ். ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் எறும்பு மொய்த்த மாதிரி குட்டிக் குட்டிக் கட்டம். என் செல் நம்பரில் ஒன்பதின் சுழி கூடச் சுத்தமாகத் தெரிந்தது. குத்துவிளக்குச் சுடருக்கு ஒரு கூட்டம் கட்டம். உதிர்கிற ஒவ்வொரு இதழுக்கும், அது இறங்க இறங்க, கூடவே ஒரு கொத்துக் கட்டம் இறங்கியது.

நடுவில் வெள்ளைத்தாய் அக்கா. பெரிய கட்டங்கள் நாலைந்து. ஒன்றில் நெற்றியும் மாலையும் தலையணையும் சேர்ந்து ஒரே பூச்சு. இன்னொன்றில் வாய், மோவாய், சேலைக்கரை. உள்ளே கோடே கிடையாது. தரிசுக் காடு.

"இங்க வெட்டவே இல்லப்பா" என்றாள்.

"பூச்சுக்குப் பின்னால இருந்து மொகத்த எடுக்க முடியாதா?"

"மறைஞ்சிருந்தா எடுக்கலாம். இது மறையல. எழுதவே இல்ல."

"மிஷின் தப்பா?"

"அது என்னப்பா பண்ணும்? நீங்க கொறச்ச டேட்டாவுல விட்டிருக்கீங்க. பூவும் எழுத்தும் மேல போட்டிருக்கீங்க. இருக்கறத ஆடுறதுக்குக் குடுத்துருச்சு."

கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடாமலே வைத்திருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளித்திருப்பேன்.

"என் பேர எதுக்குப்பா சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை 11, வெள்ளி

கார்டில் கோளாறு என்று ஞாயிற்றுக்கிழமை எழுதியிருக்கிறேன். கோளாறு இல்லை. காமிராவில் கார்டே போடவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு கார்டு போடுவோம், ஒன்று கெட்டால் ஒன்று. சாவுக்குப் போடுவதில்லை. இந்தத் தொழிலில் அநேகம் பேர் அப்படித்தான். அந்த வீடியோவை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள், வீட்டில் வைத்துக்கொள்ளவும் பயப்படுவார்கள். காமிராவிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர், அங்கிருந்து நேரே வெளிநாடு. டேட்டாவையும் குறைத்துத்தான் வைப்பேன். அழுகிறவர்கள் படத்தின் தரம் பார்க்க மாட்டார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

காலை: இட்லி ஆறு. இதுவரை நான்கு என்று எழுதியிருப்பதெல்லாம் ஆறு.

ஜூலை 13, ஞாயிறு

போட்டோ லேப் நடத்துகிற நண்பர் ஒரு யோசனை சொன்னார். செல்லிலேயே ஒரு ஆப் இருக்கிறதாம். மங்கிய முகத்தைக் கொடுத்தால் அதுவே தெளிவாக்கிக் கொடுக்குமாம். "ஏஐ அண்ணாச்சி, பழைய போட்டோவெல்லாம் பளிச்சுன்னு வருது."

கொடுத்தேன். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு ஒரு முகம் வந்தது. பிரமாதமான முகம். மூக்கு, புருவம், உதடு எல்லாம் இருந்தன. தோல் வழுவழுவென்று இருந்தது. இதை அனுப்பிவிட்டால் சண்முகையா சமாதானமாகிவிடுவான், எல்லாம் முடிந்துவிடும் என்று சத்தியமாக நினைத்தேன். 'தம்பி, கார்டு சரியாகிவிட்டது' என்று டைப் அடித்தும் வைத்துவிட்டேன்.

அனுப்புவதற்கு முன்னால் உலகுவிடம் காட்டினேன். அவள் இருபது வருஷமாக அந்த அக்காவிடம் இடியாப்பம் வாங்குகிறவள்.

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். "யாரு இது? சீரியல்ல வர்ற மாமியாரா?"

"வெள்ளைத்தாய் அக்கா."

"என்னங்க, உங்களுக்கு சுகர் கண்ணுக்கு ஏறிட்டா? அக்காவுக்கு நாடியில பச்ச குத்திருக்கும்ல, பொட்டு கணக்கா. அது எங்க? இடியாப்ப ஆவி பட்ட தழும்பு எங்க?" தன் மோவாயைத் தொட்டுக் காட்டிவிட்டுச் செல்லைத் திருப்பித் தந்தாள். "பெத்தவ மொகம் தெரியாதவனா அவன்? இத அனுப்பிச்சீங்கன்னா, மூடி வச்ச மொகத்தையும் மாத்தி வச்ச பாவம்."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. செண்பகா சொல்லியிருக்கிறாள். நான் எப்போது சொல்வேன் என்று இரண்டு பேரும் சோறு போட்டுக்கொண்டே காத்திருந்திருக்கிறார்கள்.

படத்தை அழித்தேன். செய்தியையும் அழித்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

சண்முகையாவுக்கு லீவு கிடைத்துவிட்டது. பதினாறாம் நாளுக்கு வருகிறான். சனிக்கிழமை.

"அங்க வச்சுச் சொல்லிருங்க" என்றாள் உலகு.

"தனியாக் கூப்பிட்டு சொல்லட்டா?"

"ஒட்டகக் கதைய தனியாவா சொன்னீங்க?"

கடைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். 'தம்பி, தப்பு என் மேலதான்.' அடுத்த வாக்கியத்தில் ஒரு ஜோக் வந்து நிற்கிறது. திரும்ப ஆரம்பித்தால் திரும்பவும் ஜோக். ஐம்பத்து மூன்று வயதில் ஜோக் இல்லாமல் ஒரு வாக்கியம் பேசப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. உலகு டிவியில் பார்த்து, சேலத்துக்காரர்கள் மாதிரி தேங்காய் சுட்டாள். உள்ளே வெல்லம், அவல், எள். எனக்கு ஒரு சின்னத் துண்டு என்று வெட்டிக் கொடுத்தாள். மிச்சத்தையும் நானே எடுத்துச் சாப்பிட்டேன்.

செண்பகாவிடம், "நீயும் சனிக்கிழம வா" என்றேன். "வாரேன்ப்பா" என்றாள். முப்பிடாதி பேச்சுக்குப் பிறகு அவளாக என்னிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை என்று எனக்குத் தோன்றியது. மற்ற வார்த்தைகளும் நல்லதாகவே இருந்திருக்கலாம். நான் பார்க்கவில்லையோ என்னவோ.

ஜூலை 19, சனி

போய்விட்டு வந்துவிட்டோம். முழுவதும் எழுதிவிடுகிறேன்.

பந்தல் அதே நீலத் தார்பாய். பந்தி இன்னும் ஆரம்பிக்கவில்லை. சண்முகையா மொட்டைத் தலையோடு பாயில் உட்கார்ந்திருந்தான். பாதத்தில் தோல் உரிந்து புதுத்தோல் சிவப்பாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனான். "வாங்க அண்ணாச்சி, வாங்க மதினி." அன்று சிரித்த ஆட்களும் இருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சு ஆரம்பித்துவிடும்.

"தம்பி, உங்க நெட்டு நல்லாத்தான் இருந்துச்சு. அம்மா மொகம் இங்க இருந்தே சரியாப் போகல. டேட்டாவக் கொறச்சு வச்சது நான். அதுவும் பத்தாம பூ, வெளக்கு, என் கடைப் பேருன்னு மேல போட்டேன். மிஷின் எல்லாத்தையும் அதுக்குக் குடுத்துட்டு அம்மா மொகத்த விட்டுருச்சு. கார்டுல கோளாறுன்னதும் பொய். கார்டே போடல. எங்க செண்பகா நெட்டுதான்னு சொல்லவே இல்ல. அவ பேரச் சொல்லி நான்தான் பொய் சொன்னேன்."

பெண்கள் பக்கத்தில் கத்தி நின்றது.

சண்முகையா என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நீளமான ஆள், உட்கார்ந்திருந்தாலும் என் இடுப்பு உயரம் வருகிறான். கடைசியில், "அப்ப ஒட்டகம் ஏறலையா அண்ணாச்சி?" என்றான்.

யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். ஊரில் நான் எத்தனையோ ஜோக் சொல்லியிருக்கிறேன். அதில் ஒன்றை இன்னொருவர் எனக்குத் திருப்பிச் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"ஏறல தம்பி."

முப்பிடாதி எழுந்து வந்துவிட்டாள். "பதினாலு நாளா அவன் தன்னையே திட்டிக்கிட்டு கெடந்தானே! டீ வாங்கிக் குடுத்தீங்களே அண்ணாச்சி அன்னிக்கு! அந்த வாயாலயே சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருக்கலாம்மா."

"விடு முப்பி" என்றான் சண்முகையா. பிறகு என்னிடம், "அந்தப் பூவும் கம்ப்யூட்டர் பூதான, அண்ணாச்சி? எனக்கு அன்னிக்கே தெரிஞ்சுது. ஒரு எதழு மட்டும் கொஞ்சம் மடங்குனாப்ல இருந்துச்சு. அதே எதழு திரும்பத் திரும்ப வந்து அதே எடத்துல விழுந்துச்சு. மொகம் தெரியல. அதனால அதையே பாத்துக்கிட்டு நின்னேன்."

அந்த இதழை நான் கவனித்ததே இல்லை. வாங்கினதிலிருந்து எத்தனையோ சாவுக்குப் போட்டிருக்கிறேன்.

அப்புறம் அவன் கேட்டான். "நீங்க கிட்டத்தான நின்னீங்க அண்ணாச்சி. மூடும்போது அம்மா எப்படி இருந்தா?"

'தூங்குற மாதிரி இருந்தாங்க தம்பி.' நாக்கு நுனியில் வந்துவிட்டது. எல்லாச் சாவு வீட்டிலும் சொல்கிற வார்த்தைதான். சொல்லியிருந்தால் அவனுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த நேரத்தில் நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குத்துவிளக்கு என் செல் நம்பரை மறைக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் பாக்கல தம்பி" என்றேன்.

அப்போதுதான் பாயில் உட்கார்ந்தேன், பாதி பாய், பாதி மண்.

பிறகு உலகு, பெண்களோடு உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "நான் பாத்தேன் தம்பி. நெத்தியில ஒத்த ரூபா வச்சிருந்தாங்க. கொஞ்சம் சரிஞ்சு எடது புருவத்து மேல இருந்துச்சு."

"நாந்தான் சரிபண்ணுனேன்" என்றது ஒரு கிழவி. "திரும்பத் திரும்பச் சரிஞ்சுது. பொறந்ததுல இருந்தே மேடு நெத்தி அவளுக்கு."

"மூக்குத்திய கழட்டிட்டாங்க. அந்த ஓட்டை மட்டும் தெரிஞ்சுது."

"கன்னத்துல ஆவி பட்ட தழும்பு கறுத்துப் போயிருந்துச்சு. மஞ்ச தேச்சும் போகல."

"நாடியில பச்ச?" என்றான் சண்முகையா. "அது எந்தப் பக்கம் இருந்துச்சு? நாலு நாளா யோசிக்கேன், எனக்குத் தெரிய மாட்டேங்கு."

"வலது" என்றாள் உலகு.

"எடது" என்றாள் கிழவி.

"ரெண்டும் இல்ல" என்றாள் முப்பிடாதி. அண்ணன் எதிரில் உட்கார்ந்து, மாவு அப்பின விரலால் அவன் மோவாயைத் தொட்டாள். "நடுவுல இருந்து ஒரு நூல் எடதுல. இந்தா, இங்க. மாவு பிசையும்போது வேர்த்தா இங்கதான் வந்து நிக்கும்."

வெள்ளையாக ஒரு புள்ளி நின்றது. அவன் அதைத் துடைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். அவர்கள் சொல்லிக்கொண்டே போனார்கள். காதில் ஓலை போட்டுத் தொங்கிய நீளம். மேல் உதட்டில் ஒரு முடி. ஒரு பக்கம் மட்டும் நரைக்காத காதோரம். ஒருத்தி சொன்னால் இன்னொருத்தி திருத்தினாள். யாரும் அழவில்லை, சண்டைதான் போட்டார்கள். இருபது வருஷமாக என் வீட்டுத் தெருவில் இடியாப்பம் விற்ற ஒரு மனுஷியின் முகத்தை நானும் இன்றுதான் பார்த்தேன்.

செண்பகா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கும்போது கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

கடைக்குப் போய் அந்தப் பூவை அழித்தேன். விளக்கையும் அழித்தேன். கார்டுப் பெட்டியில் ஒன்றை எடுத்து 'சாவு' என்று எழுதி ஒட்டினேன். எழுதினபின் நன்றாக இல்லை என்று கிழித்துவிட்டு, எல்லாக் கார்டையும் ஒன்றாகவே போட்டு வைத்தேன்.

சாப்பாடு: அந்த வீட்டில். சோறு இரண்டு தடவை, வடை இரண்டு, பாயசம் இரண்டு தம்ளர். போதும் என்று இலையை மூடப் போனபோது சண்முகையாவே வந்து இன்னொரு தம்ளரை இலை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனான்.

மூன்று.